எங்கள் உறுதிமொழியை நாங்களே எழுதினோம்

என் அம்மா அப்பா திருமணம் 1988-இல் அருப்புக்கோட்டையில் நடந்தது. சுயமரியாதைத் திருமணம்; ஐயர் இல்லை, ஓமகுண்டம் இல்லை. தலைமை தாங்க வந்தவர் சொல்லச் சொல்ல இருவரும் உறுதிமொழியைத் திருப்பிச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டார்கள். அந்த உறுதிமொழி அச்சிட்ட தாள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான்.

எனக்கு நிச்சயமான வாரம், அம்மா பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு மைக்கு கரகரன்னுச்சு. அவரு சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். இன்ப துன்பத்துல சமபங்குன்னாரு. நல்ல வார்த்தைதான். ஆனா அதை வச்சுக்கிட்டு உங்கப்பாகிட்ட நான் என்னத்தக் கேக்க முடியும்? சமபங்குன்னு சொன்னீங்களே, எந்திரிச்சு வந்து அரிசி களைங்கன்னா கேக்க முடியும்?"

அப்பா நல்ல மனிதர். கொள்கைக்காக உறவுகளை இழந்தவர். அம்மாவை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் அம்மா சொன்னது உண்மை. முப்பது வருடத்துக்கு மேல் சுவரில் இருக்கும் அந்தத் தாளைக் காட்டி அவரால் ஒரு வேலையும் கேட்க முடிந்ததில்லை. அன்றிரவு தொலைபேசியில் அவரிடம், அதாவது இன்று என் இணையராக இருப்பவரிடம், "நம்ம உறுதிமொழியை நாமே எழுதலாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "எழுதலாம். ஆனா எனக்கு எழுத வராது" என்றார். திருமணத்துக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. 2022 பிப்ரவரியில் மேடையில் நின்று படித்தோம். அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நிறையப் பேர் கடைசியில்தான் இதைக் கேட்கிறார்கள். அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் முன்னின்று நடத்தியதைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இப்படி மணந்தவர்களுக்குச் சட்டத்தின் காப்பு இல்லை. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம்தான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. முன்பே நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த ஏதாவது ஒரு மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், மோதிரம் போட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நான் அந்த 'அல்லது' என்ற சொல்லை மிகவும் நேசிக்கிறேன். ஊரைக் கூட்டி விழாவாக நடத்தினால்தான் செல்லும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே, நீங்கள் என்ன எழுதினாலும் "உங்களை என் கணவராக ஏற்கிறேன்", "உங்களை என் மனைவியாக ஏற்கிறேன்" என்ற ஒரு வரி சுற்றிவளைக்காமல் அதில் இருக்கட்டும். "உன் நிழலாய் வருவேன்" என்பது அந்த வரிக்கு ஈடாகாது. வேறு வேறு மதத்தவராக இருந்து 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தால், முப்பது நாள் முன்னறிவிப்புக்குப் பிறகு திருமண அலுவலர் முன்பும் மூன்று சாட்சிகள் முன்பும் இருவரும் இதே பொருளில் ஒரு வாக்கியம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதையும் உங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம். உங்கள் சொந்த உறுதிமொழியை அதோடு சேர்த்துக்கொள்ளத் தடை இல்லை. எந்த முறையில் மணந்தாலும் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். நாங்கள் இரண்டாவது வாரமே போய்விட்டோம்.

இனி எழுதிய கதை.

முதலில் தனித்தனியாக எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டினோம். என்னுடையதில் உயிர், நிழல், கடைசி மூச்சு எல்லாம் இருந்தன. அவருடையது நான்கே வரி: மதிப்பேன், துணையிருப்பேன், புரிந்துகொள்வேன், விட்டுக்கொடுப்பேன். படித்து முடித்ததும் இருவருக்குமே மனம் ஒட்டவில்லை. என் பக்கத்தில் இருந்தது எங்கோ கேட்ட கவிதை. அவர் பக்கத்தில் இருந்ததை யாரும் யாருக்கும் கொடுக்கலாம், எங்கள் கூடத்துச் சட்டத்துக்குள் இருக்கும் வரிகளைப் போல.

அப்போது அவர்தான் ஒரு வழி சொன்னார். "நாம கடைசியா எதுக்கெல்லாம் சண்டை போட்டோம்னு எழுதுவோமா?" எழுத வராது என்று சொன்னவரின் அந்தக் கேள்விதான் எங்கள் உறுதிமொழியை எழுதியது.

மூன்று சண்டைகள் கிடைத்தன. ஒன்று, என்னைக் கேட்காமலே அவர் தன் வீட்டில் "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றோம்" என்று சொல்லிவிடுவது. இரண்டு, கோபம் வந்தால் நான் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பது. மூன்று, என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணம்.

முதல் சண்டையை எடுத்துக்கொள்கிறேன். அவர் முதலில் எழுதியது: "உன் சுதந்திரத்தை மதிப்பேன்." எப்படி மதிப்பீர்கள் என்று கேட்டேன். "உன் விருப்பத்தைக் கேட்டு நடப்பேன்" என்று மாற்றினார். எந்த விஷயத்தில் என்று கேட்டேன். பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கால் மணி நேரம் கழித்து எழுதினார்: "உங்களைக் கேட்காமல் உங்களுடைய ஒரு நாளை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கண்ணீர் வரவைக்கும் சொல் எதுவும் அதில் இல்லை. ஆனால் அவர் என்னைக் கவனித்திருக்கிறார் என்பது அதில் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. அதை மீறினால் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். "சொன்னீங்களே" என்று நான் கேட்கலாம். அம்மாவிடம் இல்லாமல் போனது அந்தக் 'கேட்கலாம்'தான்.

அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு வரியையும் அப்படியே சோதித்தோம். இதை மீறினால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றால் அந்த வரி அடிக்கப்பட்டது. 'என்றும் நேசிப்பேன்' அடிபட்டது. 'காய்ச்சலாக இருக்கும் நாளில் சமையலறைப் பக்கம் நீங்கள் வர வேண்டாம்' நின்றது. என் பேசாமல் இருக்கும் பழக்கத்துக்கு நான் எழுதிய வரி: "கோபமாக இருந்தால், 'கோபமாக இருக்கிறேன்' என்று வாய் திறந்து சொல்வேன்." அதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. இன்று வரை எனக்குக் கடினமான வாக்கும் அதுதான்.

மூன்றாவது சண்டை, பணம். அதையும் மேடையில் படிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் அண்ணி தடுத்தார். "நீ அனுப்புற காசைப் பத்தி நானூறு பேருக்கு முன்னால பேசுனா மாமாவுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவே இல்லை. என் வாக்கு என் அப்பாவின் மானத்தைத் தொடுகிறது. அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினோம். மேடைக்கு உரியது அட்டையில், எங்கள் இருவருக்கு மட்டும் உரியது நோட்டில். பணம், குழந்தை எப்போது, யார் வீட்டுப் பெரியவர்கள் கடைசிக் காலத்தில் யாரோடு இருப்பது எல்லாம் நோட்டுக்குப் போயின. குழந்தையைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த வருடமே எல்லா அத்தைகளும் கணக்குக் கேட்பார்கள். தயவுசெய்து அதை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி வருவது தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே உள்ள சிக்கல். நீயா, நீங்களா, தாங்களா?

தனியாக இருக்கும்போது நாங்கள் இருவருமே 'நீ' தான். உறவினர் முன்னால் நான் 'நீங்க' என்பேன், அவர் 'நீ' என்பார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். சமத்துவம் பேசும் உறுதிமொழியில் நான் 'நீங்கள்' என்றும் அவர் 'நீ' என்றும் படித்தால் மற்ற வரிகளுக்கு என்ன மதிப்பு? இருவரும் 'நீ' என்று படித்துப் பார்த்தோம். என் அப்பத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததுமே எனக்குக் குரல் எழவில்லை. 'தங்கள்' என்று போட்டால் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதியது போல இருந்தது. கடைசியில் இருவரும் 'நீங்கள்' என்று முடிவெடுத்தோம். அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுப் பேசும் ஊர் என்பதால் அவருக்கு அது சுலபமாகவே வந்தது. உங்களுக்கு 'நீ' இயல்பாக இருந்தால் 'நீ' என்றே படியுங்கள். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், அதுதான் வேண்டும்.

அடுத்து, பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா. காகிதத்தை எடுத்ததும் கை தானாக 'தோள் கொடுப்பேன்', 'துணை நிற்பேன்' என்று எழுதத் தொடங்குகிறது. அதைத் தவிர்க்க எங்களுக்கு உதவியது வாட்ஸ்அப் குரல் பதிவு. எழுதாமல் முதலில் பேசி அனுப்பினோம். அதைக் கேட்டு, பேசியபடியே எழுதி, வினைமுற்றை மட்டும் 'பார்த்துக்குவேன்' என்பதிலிருந்து 'பார்த்துக்கொள்வேன்' என்ற அளவுக்குச் சீர்செய்தோம். பேச்சின் ஓட்டம் அப்படியே நின்றது, மேடைக்கும் பொருந்தியது.

இன்னொன்று, ஒத்திகையில்தான் தெரிந்தது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. நீளமான வாக்கியமாக எழுதினால், மூச்சு தீர்ந்து குரல் இறங்கும் இடத்தில்தான் 'செய்வேன்', 'மாட்டேன்' இரண்டும் வந்து நிற்கும். கேட்பவர்களுக்கு வாக்கியம் கேட்கும், வாக்கு கேட்காது. என் தம்பி கூடத்தின் அந்தக் கோடியில் நின்று, "அக்கா, கொடுப்பியா மாட்டியான்னே புரியல" என்றான். எல்லா வரிகளையும் எட்டு, பத்துச் சொல்லுக்குள் உடைத்தோம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு என்று அட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். 'பொறுப்பேற்றுக்கொள்கிறேன்' போன்ற சொற்களில் பதற்றத்தில் நாக்கு சிக்கும். 'என் பொறுப்பு' என்று மாற்றினால் பொருள் போய்விடாது. முடிவில் என்னுடையது ஒன்பது வரி, அவருடையது எட்டு. ஆளுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. அதற்கு மேல் வேண்டாம்.

திருமணத்துக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு அம்மாக்களுக்கும் படித்துக் காட்டினோம். இதைப் பலர் செய்வதில்லை. மேடையில் திடீரென்று கேட்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய அம்மா எங்கள் திருமண முறைக்கே மெதுவாகத்தான் சம்மதித்தவர். தாலி பற்றி நடந்த பேச்சு நீண்ட கதை, இங்கே வேண்டாம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாஞ் செரித்தான் கண்ணு. இத்தனை எழுதியிருக்கீங்க, எங்களப் பத்தி ஒரு வார்த்தையும் காணமே?"

உண்மையிலேயே இல்லை. நாங்கள் இருவரும் எங்களுக்குள்ளேயே மூழ்கியிருந்தோம். ஒரு வரி சேர்த்தோம், இருவருக்கும் பொதுவாக: "உங்கள் அம்மா அப்பா கூப்பிட்டால், உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாமல் நானே பேசுவேன்." அத்தை அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

மேடை ஏற்பாட்டில் நான்கு விஷயங்கள். வெறும் தாளில் எழுதாதீர்கள். மண்டபத்து மின்விசிறியில் அது படபடக்கும், கை நடுங்குவது ஊருக்கே தெரியும். அழைப்பிதழ் அட்டையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் அச்செடுத்து ஒட்டினோம், மூன்று பிரதி. கையில் மாலை இருக்கும், அட்டையும் இருக்கும், ஆகவே மைக்கைப் பிடிக்க ஓர் ஆளை முன்பே சொல்லி வையுங்கள். உறுதிமொழியை வாழ்த்துரைகளுக்கு முன்னால் வையுங்கள். நம் திருமணங்களில் பேசுகிறவர் ஒருவர் 'இரண்டே நிமிடம்' என்று தொடங்கினால் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருக்கும். நாலாவது, படம் எடுப்பவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். எங்களுக்கு எடுத்தவர், நான் படித்து முடித்ததும், "இன்னொரு தடவை படிங்க மேடம், கோணம் கிடைக்கல" என்றார். அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். ஆனால் ஒரு வாக்கைப் படத்துக்காக இரண்டாம் முறை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முடியாது என்றேன்.

அவர் முதலில் படித்தார். "நீங்கள்" என்று அவர் வாயிலிருந்து வந்ததும் பெண்கள் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. "உங்களைக் கேட்காமல் உங்களுடைய ஒரு நாளை" என்ற இடத்தில் நின்றுவிட்டார். மண்டபம் அமைதியாக இருந்தது. பின்னால் சமையல் கட்டில் வாளி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் "யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார், மாட்டேன் என்ற சொல் தெளிவாகக் கேட்டது. நான் படித்தபோது ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். முடித்து அட்டையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கோபத்தைப் பற்றிய வரிதான் அது. மைக்கைத் திரும்ப வாங்கி, "ஒரு வரி விட்டுட்டேன்" என்று சொல்லி அதைப் படித்தேன். அப்பத்தா கை தட்டினார்.

எழுதியதெல்லாம் சரியாக அமைந்தது என்று சொல்ல மாட்டேன். "எந்தச் சண்டையையும் தூங்கப் போகும் முன் முடித்துவிடுவோம்" என்று ஒரு வரி வைத்திருந்தோம். எல்லோரும் சொல்லும் நல்ல வரி. சோதனையிலும் தேறியது. ஆனால் முதல் வருடம் அந்த வரியால் இரவு இரண்டு மணி வரை சண்டை போட்டிருக்கிறோம். இருவரும் களைத்து, சொல்லக் கூடாததைச் சொல்லி, வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே சண்டையை நீட்டியிருக்கிறோம். முதல் ஆண்டு நிறைவு நாளன்று அட்டையை எடுத்துவைத்து அந்த வரியை அடித்தோம். அதன் மேல் அவர் எழுதினார்: "களைப்பாக இருந்தால் தூங்கிவிடுவோம். ஆனால், காலையில் பேசணும் என்று சொல்லிவிட்டுத் தூங்குவோம்." அந்த அட்டையில் இப்போது இரண்டு நிற மை இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து படிக்கிறோம். எதைக் காப்பாற்றவில்லை என்று முதலில் தன்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், அடுத்தவரைப் பற்றி அல்ல என்பது நோட்டில் இருக்கும் விதி.

திருமணம் முடிந்த மாதம் ஊருக்குப் போனபோது அப்பா ஒரு பிரதி கேட்டார். கொடுத்தேன். இரவு அம்மா சொன்னார்: "உங்கப்பா திண்ணையில உக்காந்து ரெண்டு தடவை படிச்சாரு." அப்பா என்னிடம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் சித்தி மகள் கூப்பிட்டாள். அவளுக்கு ஆவணியில் திருமணம். "அக்கா, உங்க உறுதிமொழியை வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பேரை மட்டும் மாத்திக்கிறோம்" என்றாள். அனுப்பவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். அவள் செவிலியர், இரவுப் பணி முடிந்து வர நேரமாகும். அந்தப் பையன் சாப்பிடாமல் காத்திருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் சண்டையாம். "ஒரு வரி எழுதிட்டாருக்கா" என்று வாசித்துக் காட்டினாள்: "நீ வர நேரமானால் நான் சாப்பிட்டுவிடுவேன். நீ வந்ததும் உனக்குச் சூடு பண்ணித் தருவேன்."

நல்ல வரி என்றேன். 'நீ'யா 'நீங்கள்' ஆ என்றுதான் இன்னும் முடிவாகவில்லையாம்.